மோர்னிங்சைட் பள்ளத்தாக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள்

நவம்பரில் மூடிய பல்கணிக் கதவு ஏப்ரல் கடைசியில்தான் மறுபடி திறக்கிறது. "ஓடாதே, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டப்போகிறார்" என்று சொல்லிச் சொல்லியே அடுக்குமாடித் தாய்மாருக்குக் குளிர்காலம் கழிந்துவிடும். வசந்தம் வந்த பிறகாவது அந்தப் பிள்ளைகள் ஓடவேண்டாமா?

எமது வார இறுதிகள் எப்படிப் போகின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, கடைச் சாமான், பிறகு ஏதாவது ஒரு மண்டபம். பூப்புனித நீராட்டு விழாவில் ஐந்து மணித்தியாலம் இருக்க முடிகிற எமக்கு மரத்தடியில் இரண்டு மணித்தியாலம் கிடைப்பதில்லை.

தூரம் ஒரு காரணமல்ல. லோறன்ஸ் வீதிக்கும் எல்ஸ்மியர் வீதிக்கும் இடையே, மோர்னிங்சைட் வீதியிலேயே பூங்காவின் வாசல் இருக்கிறது. கார் இல்லாதவர்கள் 116ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 2015 முதல் ரிரிசியில் கட்டணம் இல்லை. நகரின் மிகப் பெரிய பூங்காக்களில் ஒன்றான இதன் நடுவே ஹைலண்ட் கிறீக் ஓடுகிறது. தள்ளுவண்டியும் அம்மம்மாவும் சேர்ந்து வருவதென்றால் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்குப் பின்னால் 2019இல் திறந்த பாதை நல்லது. சரிவு மெதுவாக வளைந்து இறங்கும், படிகள் ஏறத் தேவையில்லை.

இவ்வளவு நிலம் வீடு கட்டப்படாமல் எப்படித் தப்பியது என்று சிலர் கேட்பதுண்டு. 1954 ஒக்ரோபரில் 'ஹேசல்' சூறாவளி வந்து ரொறன்ரோப் பகுதியில் 81 பேரைப் பலிகொண்டது. ஆற்றங்கரையில் வீடு கட்டியதன் விலை அன்று தெரிந்தது. அதன் பின்னரே வெள்ளம் பாயும் பள்ளத்தாக்குகளில் குடியிருப்புகள் கட்டப்படாமல் தடுக்கப்பட்டன.

தூரத்தை விடப் பெரிய தடை எமது மனதில் இருக்கிறது. பற்றை என்றால் மிதிவெடி, காடு என்றால் ஓடி ஒளிந்த இடம் என்று வாழ்ந்தவர்கள் நாம். பிள்ளை பாதையை விட்டு இரண்டு அடி விலகினாலே "வா இங்காலே" என்று எம்மையறியாமல் கத்துகிறோம். பிள்ளைக்குக் காரணம் விளங்காது, பயம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பாம்பும் அப்படித்தான். இங்கே கண்ணாடிப் புடையனும் இல்லை, நாகமும் இல்லை. ஒன்ராறியோவில் நச்சுப்பாம்பு ஒரே ஒரு இனம்தான். அதுவும் ரொறன்ரோவில் வாழ்வதில்லை. வெயில் காய வரும் மஞ்சள் கோட்டுப் பாம்பைப் பிள்ளைகள் தள்ளிநின்று பார்க்கட்டும், அடிக்கக் கம்பு தேடாதீர்கள்.

மே மாதத்தில் மரங்கள் முழுதாக இலைவிடுமுன் நிலமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும் ட்ரில்லியத்தைத் தேடச் சொல்லுங்கள். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாண மலர் இது. இலை மூன்று, இதழும் மூன்று. வில்வம் தெரிந்த தாத்தாமார் உடனே அடையாளம் கண்டுவிடுவார்கள். விதையை எறும்புகள் காவிச் செல்ல, அது முளைத்து முதற்பூ பூக்க ஏழு வருடம் வரை, சிலவேளை அதற்கு மேலும் ஆகும். இலையோடு பறித்தால் செடியே செத்துப்போகலாம். பூங்காவில் எதையும் பறிக்கக்கூடாதென்பது நகரச் சட்டமும்கூட. மூன்று இலையுள்ள இன்னொன்றும் இருக்கிறது: நச்சுக்கொடி. வசந்தத்தில் அதன் இளந்துளிர் செம்மையாகப் பளபளக்கும். பட்டால் தோல் கொப்பளிக்கும். உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

உண்மையில் பயப்படவேண்டியது இரண்டுக்குத்தான். ஒன்று ஓடை. சுற்றிலும் தாரும் சீமெந்துமாக இருப்பதால் மழைத்தண்ணீர் முழுவதும் ஒரேயடியாக இதற்குள் வந்து விழும். 2005 ஓகஸ்ட் 19ஆம் திகதி மழையில் இந்த ஓடை கரைகளையே அரித்தது. மழை பெய்து ஓயும்வரைக்கும், ஓய்ந்த மறுநாளும் கரைக்குப் போகவேண்டாம். தெளிந்த நாளிலும் மே மாதத் தண்ணீர் விறைக்க வைக்கும். சின்னவர்களின் கையை விடாதீர்கள்.

மற்றது உண்ணி. ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்த உண்ணிதானே என்று விட்டுவிடாதீர்கள். கறுப்புக்கால் உண்ணி லைம் என்ற நோயைப் பரப்பும். ஸ்காபரோப் பள்ளத்தாக்குகளில் அது இருக்கிறது. வெப்பம் 4 பாகைக்கு மேல் போனாலே நடமாடத் தொடங்கிவிடும். நீளக் காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வெளிர்நிற உடுப்பென்றால் உண்ணி கண்ணுக்குத் தெரியும். வீடு திரும்பியதும் குளிக்க வார்க்கும்போது தலைமயிருக்குள், காதின் பின்னால், கமக்கட்டு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். எண்ணெய் பூசுவது, நெருப்பால் சுடுவது வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் வரும் வாய்ப்புக் குறைவு. வைத்தியரிடமும் காட்டுங்கள். வரும் வாரங்களில் தோலில் சிவப்பு வட்டமோ காய்ச்சலோ கண்டால் தாமதிக்கவேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஆரவாரம் தேவையில்லை. புட்டும் சம்பலும் கட்டினால் போதும், பருத்தித்துறை வடை நாலு கூடவே இருந்தால் இன்னும் நல்லது. நண்பகலில் வெயில் எறித்தாலும் பள்ளத்துக்குள் குளிரும், ஒரு ஸ்வெற்றர் மேலதிகமாக எடுங்கள். மிச்சத்தை வாத்துக்கும் ராக்கூனுக்கும் போடாமல் வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

இதே ஓடையில் செப்டெம்பர் கடைசியில் சல்மன் மீன்கள் ஏரியிலிருந்து எதிர்நீச்சலிட்டு ஏறிவரும். அதற்கும் ஒரு சனிக்கிழமையை இப்போதே ஒதுக்கி வைக்கலாம்.