பழைய கணினிக்கு மின்னூட்டுமுன்

நெடுங்காலம் பெட்டிக்குள் கிடந்த பழைய கணினியொன்றைக் கண்டெடுத்தவர், அதனை உடனே இயக்கிப் பார்க்கவே விரும்புவர். அவ்வாவலே சில வேளைகளில் அக்கணினிக்கு முடிவாய் அமைந்துவிடுகின்றது. அதுவரை கணினியில் குற்றமேதும் இருந்திராது. அதற்கு மின்சாரம் ஊட்டும் மின்வழங்கியிலேயே குற்றம் இருந்திருக்கும்.

1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த கொமடோர் 64 இதற்குத் தக்க சான்றாகும். அதன் மின்வழங்கி கணினிக்குப் புறத்தே தனிப்பெட்டியாய் உள்ளது. அது 5 வோல்ற்று நேரோட்டத்தையும் 9 வோல்ற்று ஆடலோட்டத்தையும் தருகின்றது. 5 வோல்ற்றை நிலையாக வைத்திருப்பது சீராக்கி என்னும் உறுப்பு. பல பெட்டிகளின் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. காலப்போக்கில் சீராக்கி பழுதடைகின்றது.

பழுதடைந்தால் மின்சாரம் நின்றுவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் இங்கு அதற்கு மாறாக மின்னழுத்தம் உயர்ந்துவிடுவதும் உண்டு. அவ்வுயர்வை நினைவகச் சில்லுகள் தாங்கமாட்டா, கணப்பொழுதில் அழிந்துபோகும்.

ஆகவே மின்வழங்கியைக் கணினியிற் பொருத்தாமலே சோதித்தல் வேண்டும். செருகியின் முனைகளை உரிய வரைபடத்துடன் ஒப்பிட்டறிந்து, அளவுமானியின் கூர்களால் இரு முனைகள் ஒன்றையொன்று தொடாதவாறு அளத்தல் நன்று. நேரோட்டம் 4.75 முதல் 5.25 வோல்ற்றுக்குள் நிற்றல் வேண்டும். ஆடலோட்டம் சுமையில்லாத வேளையில் 9 வோல்ற்றுக்குச் சற்றுக் கூடுதலாய் இருத்தல் இயல்பே.

சுமையின்றி அளப்பது மட்டும் போதாது. 10 வாற்று தாங்கவல்ல 5 ஓம் தடையியொன்றை 5 வோல்ற்று முனைகளுக்கிடையே இணைத்தால், 1 அம்பியர் மின்னோட்டம் பாயும். தடையி மிகவும் சூடேறுமாதலின் அதனை ஓட்டின்மீது வைத்தல் வேண்டும். அரைமணி நேரம் அவ்வாறு இயங்கவிட்டு, இடையிடையே அளந்து வந்தால், சூடேறியபின் தோன்றும் குற்றமும் வெளிப்படக்கூடும்.

வேறு பல கணினிகளில் ஆளி முறை மின்வழங்கி உள்ளது. 230 வோல்ற்று மின்சாரத்தில் இயங்கும்போது அதன் பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று தேங்கும். இணைப்பைக் கழற்றிய பின்னரும் அது உயிருக்கு ஊறு செய்ய வல்லது. பயிற்சியற்றோர் அதனைத் திறத்தலாகாது.

இன்று சரியாக அளக்கப்பட்ட மின்வழங்கி நாளை பழுதடையமாட்டாது என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் கொமடோர் 64 போன்றவற்றுக்குப் புதிதாய்ச் செய்த நல்ல மின்வழங்கியைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. மின்வழங்கியை மாற்றிவிடலாம்; எரிந்துபோன பழைய சில்லுகளுக்கு மாற்றுத் தேடுவதோ அரிது.