எலும்புப் பயொப்சி: ஊசிக்குப் பயந்து நாளைக் கடத்த வேண்டாம்

வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கி, விடிந்ததும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ போகிறவர்கள் பலர். "எலும்பில் ஏதோ தெரிகிறது, பயொப்சி எடுக்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னதும் அந்த வீடுகளில் எழும் முதற்பேச்சு இதுதான்: "ஊசி குத்தினால் வருத்தம் பரவிவிடும், விட்டுவிடுங்கோ."

ஆனால், ஸ்கான் படம் மட்டும் போதாது. எலும்பு அரிக்கப்பட்டிருப்பதை அது காட்டும். அரித்தது எது என்பதை எப்போதும் சொல்லாது. புற்றுநோய், கசநோய், பழைய காயத்தில் தங்கிய கிருமித்தொற்று ஆகிய மூன்றும் படத்தில் ஒன்றுபோலவே தெரியலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

எப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் சீ.டி. ஸ்கான் மேசையிலேயே நடக்கும். தோலையும் எலும்பின் மேற்பரப்பையும் ஊசி மருந்தால் விறைக்கச் செய்வார்கள். பின்பு 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசியை, இடையிடையே படமெடுத்துப் பார்த்தபடி உள்ளே செலுத்துவார்கள். நரம்பும் இரத்தக்குழாயும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தே வழியைத் தெரிவு செய்கிறார்கள். அநேகமானோர் அன்றே வீடு திரும்பலாம்.

ஆபத்து எவ்வளவு?

இரத்தக்கசிவு, தொற்று, நரம்புப் பாதிப்பு போன்ற பாரதூரமான சிக்கல்கள் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கோ அதிலும் குறைவாகவோதான் ஏற்படுகின்றன. ஊசி போன பாதையில் புற்றுக்கலம் தங்குவது மிக அரிது. அதற்காகவே, எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோயில், பின்னர் வெட்டி அகற்றக்கூடிய பாதையாகப் பார்த்து ஊசியைச் செலுத்துகிறார்கள்.

ஆகவே, எங்கே, யாருடைய திட்டப்படி குத்துகிறார்கள் என்பதே முக்கியம். அமெரிக்க எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றி மான்கின் குழுவினர் 1996இல் 597 நோயாளிகளின் விபரங்களை வெளியிட்டனர. பயொப்சியில் நேர்ந்த பிழைகளால் 18 பேர் தேவையில்லாமல் கையையோ காலையோ இழந்திருந்தனர். சிகிச்சை நிலையத்துக்கு வருமுன் வேறிடத்தில் செய்யப்பட்ட பயொப்சிகளில் பிழைகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு அதிகம். எனவே கிளினிக் திகதி தூரம் என்று அவசரப்பட்டு வெளியில் குத்துவிக்காமல், சிகிச்சை செய்யப்போகும் சத்திரசிகிச்சை நிபுணரை முதலில் காண்பது நல்லது.

முடிவை எவ்வளவு நம்பலாம்?

கட்டிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது தடவை தெளிவான விடை கிடைக்கும். முள்ளந்தண்டுத் தொற்றில் கிருமி அகப்படுவது ஏறக்குறைய பாதிப்பேரிடம்தான். முன்பே அன்ரிபயோற்றிக் குடித்திருந்தால் அது இன்னும் குறையலாம். கசநோய்க் கிருமி வளர்ந்து முடிவு வர 6 முதல் 8 கிழமை ஆகலாம். "ஒன்றும் இல்லை" என்று ரிப்போட் வந்தும் வலி கூடினால், திரும்பவும் எடுக்கச் சொல்வது வைத்தியரின் தவறல்ல.

உடம்பில் செல் துண்டு இருந்தால்?

போரில் காயப்பட்டவர்கள் இதை மறக்கக்கூடாது. செல் துண்டோ சன்னமோ உடம்பில் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அதன் காந்தம் சில உலோகங்களை அசைக்கும். கண், முள்ளந்தண்டு, இரத்தக்குழாய் அருகே இருந்தால் ஆபத்து. சீ.டி.யில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் உலோகத்தைச் சுற்றிப் படம் கீறல் கீறலாகத் தெரியும் என்பதால் அங்கும் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள்.

2009இலோ அதற்கு முன்போ பட்ட காயம் ஆறாமல் இன்னும் சீழ் வடிகிறதா? நெடுங்காலம் ஆறாத புண்ணில் அரிதாகப் புற்றுநோய் வரலாம். புதிதாகச் சதை வளர்தல், இரத்தம் கசிதல், நாற்றமோ வலியோ கூடுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்டுங்கள். அங்கும் சிறு துண்டெடுத்துப் பார்ப்பதே வழி.

போகுமுன்

• அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வோபரின் குடிப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.
• "என்ன சந்தேகத்துக்காக எடுக்கிறீர்கள்? சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள்.
• சம்மதப் படிவம் விளங்காவிட்டால் கையெழுத்திடுமுன் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. கேட்பது உங்கள் உரிமை.
• வெளியில் ஏற்கெனவே பயொப்சி எடுத்திருந்தால் ரிப்போட்டோடு கண்ணாடித் தட்டுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ அவற்றை மறுபடி பார்க்க முடிந்தால், இன்னொரு தடவை குத்த வேண்டி வராது.