செவிக்கு மற்றுமொரு வழி

குற்றாலத்துப் பேரருவியின் ஓசையை நாம் இருவகையாகக் கேட்கிறோம். சற்றுத் தொலைவில் நின்றால், அவ்வோசை காற்றின் வழியே நம் செவியை எட்டுகிறது. அருவிக்குள் தலையைக் கொடுத்து நின்றாலோ, மேலிருந்து மோதும் நீர் மண்டையோட்டையே அதிரச் செய்கிறது. இரு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டாலும் அம்முழக்கம் முற்றும் அடங்குவதில்லை. ஒலி உட்செவியை அடையக் காற்று மட்டுமே வழியன்று. எலும்பும் ஒரு வழியாகும். செவித்திறன் குறைந்தோர் சிலருக்கு மீண்டும் கேட்கும் வாய்ப்பைத் தரும் எலும்புவழிக் கேட்புக் கருவி, இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டது.

கேட்டலின் இரு வழிகள்

காற்றில் வரும் ஒலியலைகள் செவிக்குழலினுள் புகுந்து செவிப்பறையை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவியிலுள்ள காக்ளியாவிற்குக் கடத்துகின்றன. நத்தையின் ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியா, அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. இது காற்றுவழிக் கடத்தல்.

மண்டையோட்டு எலும்பின் அதிர்வு, செவிக்குழலையும் செவிப்பறையையும் பெரிதும் சாராமல் காக்ளியாவை அடைவது எலும்புவழிக் கடத்தல். நாம் பேசும்போது நம் குரல் இவ்விரு வழிகளிலும் நமக்குக் கேட்கிறது. ஒலிப்பதிவில் காற்றுவழி மட்டுமே எஞ்சுகிறது. பதிவுசெய்த நம் குரல் நமக்கே அயலார் குரலாகத் தோன்றுவது இதனாலேயே.

இசைக்கவை காட்டும் உண்மை

1855ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் ரின்னே எளிய சோதனை ஒன்றை விளக்கினார். அதிரும் இசைக்கவையின் அடியைக் காதின் பின்புற எலும்பில் வைக்க வேண்டும். ஓசை தேய்ந்து மறைந்ததும் அதன் கவைகளைக் காதருகே பிடிக்க வேண்டும். இயல்பான செவிக்கு அவ்வோசை மீண்டும் கேட்கும். கேளாது போனால், வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ தடை இருக்கலாம். அத்தகையோருக்கு உட்செவி நன்னிலையில் இருக்கக்கூடும். அதற்குச் செல்லும் பாதையே அடைபட்டிருக்கிறது.

டைட்டானியமும் எலும்பும்

1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனேமார்க், முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆய்ந்தார். ஆய்வு முடிந்தபின் அதனைக் கழற்ற இயலவில்லை. எலும்பு அவ்வுலோகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டிருந்தது. தடையாகத் தோன்றிய இந்நிகழ்வே புதிய மருத்துவத்திற்கு வித்தாயிற்று. முதலில் செயற்கைப் பல் பொருத்தவும், பின்னர் 1977ஆம் ஆண்டில் கோத்தன்பர்க் நகரில் செல்ஸ்ட்ரோம் என்னும் மருத்துவரால் செவிக்கருவி பொருத்தவும் அது பயன்பட்டது.

இம்முறையில் காதின் பின்புற எலும்பில் சிறு டைட்டானியத் திருகு பதிக்கப்படுகிறது. வெளியே அணியும் ஒலிச்செயலி ஓசையை வாங்கி அதிர்வாக்க, திருகு அதனை எலும்பிற்குச் சேர்க்கிறது. சில வகைகளில் திருகோடு இணைந்த தண்டு தோலுக்கு வெளியே நீண்டிருக்கும்; அதனைச் சுற்றியுள்ள தோலில் தொற்று ஏற்படாதவாறு நாள்தோறும் தூய்மை பேண வேண்டும். வேறு சில வகைகளில் தோலுக்கடியிலுள்ள காந்தம் வெளிச்செயலியைப் பற்றிக்கொள்ளும். அதிரும் பகுதியையே தோலுக்கடியில் பொருத்தும் வகையும் உண்டு.

யாருக்குப் பயன்படும்?

பிறவியிலேயே செவிக்குழல் அமையாதவர்கள், காதில் இடையறாது சீழ் வடிவதால் வழக்கமான செவிக்கருவியை அணிய இயலாதவர்கள், ஒரு காது மட்டும் முற்றிலும் கேளாதவர்கள் ஆகியோருக்கு இக்கருவி உதவும். இரு பக்கமும் காக்ளியாவே பெரிதும் பழுதுற்றிருந்தால் இது பயன் தராது. அந்நிலையில் நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவி தேவைப்படலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அக்கருவியைப் பொருத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. எக்கருவி யாருக்கு ஏற்றது என்பதைச் செவி மருத்துவரும் கேட்பியல் வல்லுநருமே முடிவுசெய்ய வேண்டும்.

காலம் தாழ்த்தலாகாது

செவிக்குழல் இல்லாமல் பிறந்த குழந்தையைக் கண்டு, 'வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்' என்று பெற்றோர் காத்திருப்பதுண்டு. மொழியோ அதுவரை காத்திராது. பிறந்த ஒரு மாதத்திற்குள் செவியைச் சோதித்து, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்பது வல்லுநர் வகுத்த நெறி. இளங்குழந்தையின் மண்டையோடு திருகைத் தாங்கும் தடிமன் பெற, பொதுவாக ஐந்து ஆண்டுகளேனும் ஆகும். அதுவரை, அறுவை ஏதுமின்றி, மென்பட்டை ஒன்றில் ஒலிச்செயலியைக் கோத்துத் தலையில் அணிவிக்கலாம். கேட்கும் திறனை மீட்க இயலாத குழந்தைக்குச் சைகைமொழி உண்டு. அதுவும் தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழியே.

கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அச்செல்வம் அடைபட்ட செவியோடு பிறந்தவருக்கும் உரியது. இக்கருவி அணிந்த சிறுமி ஒருத்தி குற்றால அருவியில் நீராடுமுன் ஒலிச்செயலியைக் கழற்றிவைக்க வேண்டும். ஆயினும் அருவி அவள் தலைமேல் விழும்போது, கருவி இல்லாமலே அதன் முழக்கத்தை எலும்பு அவளுக்குச் சேர்ப்பிக்கும். அவள் கரையேறியதும் தோழியர் பேசும் சொற்களையும் கேட்கச் செய்வதே அறிவியலின் பணி. அதற்கு உரிய காலத்தில் வழிசெய்வது நம் கடமை.