ஜாலஹள்ளி வால்வும் எட்டு வாட் மோகமும்

வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டவோ வாங்கவோ ஆசைப்படுகிறவரை முதலில் மிரட்டுவது வால்வுகளின் பெயர்கள்தான். ஈஎல் 84, ஈஎல் 34, 6எல்6, கேடி 88, 300பி. இவற்றில் எது இனிமை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பெங்களூர் அடுக்ககம் ஒன்றின் நடுத்தர அறையில் பாட்டுக் கேட்க, அந்த ஊரிலேயே தயாரான சின்ன வால்வு ஈஎல் 84 போதும் என்பது என் கட்சி.

பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-ல் தொடங்கப்பட்டது. அதன் பெங்களூர் ஜாலஹள்ளி ஆலையில், பிலிப்ஸ் தொழில்நுட்பத்தின் துணையோடு, 1961-ல் ரேடியோ வால்வு உற்பத்தி ஆரம்பமானது. மறு ஆண்டே ஜெர்மானியம் குறைகடத்திகளையும் அந்நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. வால்வுக்கு எமன் பிறந்ததும் அதே வீட்டில்தான்! ஆனாலும் வால்வு ரேடியோ ஓடிய காலம் வரை ‘பிஇஎல்’ முத்திரை நாடு முழுக்கப் புழங்கியது. அந்த முத்திரையிட்ட ஈஎல் 84, பயன்படுத்தாத பழைய சரக்காகக் கிடைத்தால், இன்று வெளிநாட்டு ரசிகர்களும் வாங்கிப்போகிறார்கள்.

அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். எட்டு சென்டிமீட்டருக்குள் உயரம், 22 மில்லிமீட்டர் குறுக்களவு, அடியில் ஒன்பது ஊசிக் கால்கள். கண்ணாடி உச்சியில் வெள்ளி பூசியது போன்ற பேரியப் படலம் இருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைப் பிடித்துவைப்பது அதன் வேலை. நடுவில் கேத்தோடு என்னும் மெல்லிய குழல். ஹீட்டர் அதைச் செஞ்சூடாக்கியதும் அதன் ஆக்சைடு பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, சுற்றியுள்ள பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் நிற்கும் கம்பிச் சுருளான கிரிட், வாய்க்கால் மதகு மாதிரி. அதன் மின்னழுத்தம் சில வோல்ட் அசைந்தால் போதும், பிளேட்டில் ஓடும் பெரிய மின்னோட்டம் அதே தாளத்தில் கூடிக் குறையும்.

கேத்தோடு, கிரிட், பிளேட் மூன்று மட்டும் இருந்தால் டிரையோடு. 1938-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 300பி இந்த வகை. சுத்தமான அமைப்புதான், ஆனால் சோம்பேறி. அதன் பெருக்கம் ஏறத்தாழ நான்கு மடங்கே என்பதால், முழுத் திறனைக் கறக்க கிரிட்டுக்கு எழுபது வோல்ட் அளவுக்கு ஆட்டம் கொடுக்க வேண்டும். அதற்கென்று முன்னால் ஒரு பலமான சுற்று தேவை. திறனைக் கூட்ட இன்னொரு கிரிட்டைச் சேர்த்தபோது வேறு தொல்லை முளைத்தது. பிளேட்டில் மோதும் எலெக்ட்ரான்கள் அங்கிருந்து புது எலெக்ட்ரான்களைத் தெறிக்கவிட, அவை அந்த இரண்டாம் கிரிட்டுக்குத் திரும்பி ஓடின. அவற்றைத் தடுக்க மூன்றாவது கிரிட்டை வைத்தது பிலிப்ஸ், அதுதான் பென்டோடு. ஈஎல் 84, ஈஎல் 34 இரண்டும் அந்த வம்சம். கிரிட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரான்களைத் தகடுகளால் கற்றையாக ஒடுக்கி அதே வேலையைச் சாதித்தது பீம் டெட்ரோடு. 1936-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ வெளியிட்ட 6எல்6-ம், இருபது ஆண்டு கழித்து பிரிட்டனில் வந்த கேடி 88-ம் அந்த வழி.

ஈஎல் 84-க்கு நாலரை வோல்ட் அளவுக்கு சிக்னல் கொடுத்தாலே தனியாக ஐந்து வாட்டுக்கு மேல் தரும். இரண்டை எதிரெதிராக இழுக்கவைக்கும் புஷ்-புல் முறையில் 12 முதல் 15 வாட் வரை எடுக்கலாம். ஈஎல் 34 ஜோடி சுமார் 35 வாட், கேடி 88 ஜோடி 50 வாட்டும் அதற்கு மேலும். ஒற்றை 300பி எட்டு வாட்டைத் தொட்டால் பெரிது.

இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு எட்டு வாட் கொடுத்தால் 99 டெசிபல், 12 வாட்டில் 101, 50 வாட்டில் 107. வாட்டை ஆறு மடங்காக்கியும் காதுக்கு இரு மடங்கு சத்தம்கூடத் தெரியாது. மின்சாரக் கட்டணமும் அறைச் சூடும் மட்டும் கணக்குப் பிசகாமல் ஏறும். கல்யாண மண்டபத்துக்கு மைக் செட் கட்டுகிறவர் கேடி 88 கேட்டால் நியாயம்.

300பி-யின் புகழ் முழுக்கக் கற்பனையும் அல்ல. ஒற்றை வால்வு சுற்றில் மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒரு சாயல் சேர்கிறது. அது சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் அபஸ்வரமாகத் தோன்றாமல் வீணைக்கும் குரலுக்கும் கொஞ்சம் சதை போட்டதுபோல் ஒலிக்கும். புஷ்-புல் சுற்றில் அந்தச் சாயலின் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். எனக்கு அந்தச் சுத்தமே பிடிக்கிறது. வித்துவான் பாடாத சதை எதற்கு?

பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஆயிரக்கணக்கான ஓம் கேட்கும் வால்வையும் எட்டு ஓம் ஸ்பீக்கரையும் சேர்த்துவைப்பது அதுதான். ஈஎல் 84 ஜோடிக்கு பிளேட்டுக்குப் பிளேட் சுமார் 8,000 ஓம் வேண்டும். ஒற்றை வால்வு சுற்றில் நேர்மின்சாரமும் சுருளில் ஓடுவதால், இரும்புக்குள் இடைவெளி விட்டுப் பெரிய கோர் போட வேண்டியிருக்கும். மலிவான டிரான்ஸ்ஃபார்மரோடு கட்டிய 300பி-யில் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய வால்வு கண்ணில் பட்டால், உச்சியிலுள்ள வெள்ளிப் படலத்தைப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, விட்டுவிடுங்கள். பழைய ரேடியோவுக்கு அதைப் போடுவதாக இருந்தால் வால்வைப் பொருத்துமுன் கப்ளிங் கண்டென்சரை மாற்றுங்கள். கசியும் கண்டென்சர் கிரிட்டுக்கு நேர் மின்னழுத்தத்தைக் கடத்தி, பிளேட்டை நிமிடங்களில் செக்கச்செவேலென்று பழுக்கவைத்துவிடும். கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, ஃபில்டர் கண்டென்சரை ஒரு ரெசிஸ்டர் வழியே காலி செய்யுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் 300 வோல்ட் தங்கியிருக்கும்.