கையுறை போட்டால் கை சுத்தமா?

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் சாப்பாடு எப்படி, மாதம் எவ்வளவு, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வரவேற்பறை மேசையில் சானிடைசர் பாட்டில் இருந்தால் சுத்தமான இடம்தான் என்று மனசு திருப்தியாகிவிடுகிறது. அந்த பாட்டில் வந்து போகிறவர்களுக்கு. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் அறைக்குப் போய், ஆயா கை கழுவ எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே சோப்பு இருக்கிறதா என்றும்.

ஆயா கையுறை போட்டுக்கொண்டு ஒருவருக்கு டயப்பர் மாற்றுகிறார். அதே கையுறையோடு அடுத்தவரின் யூரின் பையைக் காலி செய்கிறார், மூன்றாமவருக்குத் தண்ணீர் புகட்டுகிறார். கிருமி ஏறாமல் தப்பித்தது அவருடைய கை மட்டும்தான். ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை. கழற்றியதும் கை கழுவ வேண்டும். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. வயிற்றுப்போக்கு பரவும் நேரத்தில் சோப்புதான். அதைப் பரப்பும் சில கிருமிகள் ஆல்கஹாலுக்கு மசிவதில்லை.

ஆயாவைத் திட்டிப் பயனில்லை. ஒரே ஆள் பத்துப் பதினைந்து பேரைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கை கழுவ நேரம் ஏது? ஆள் பற்றாக்குறை நிர்வாகத்தின் குறை.

என்னைக் கேட்டால், முதல் கேள்வி சுகர் டெஸ்ட் பற்றித்தான் இருக்க வேண்டும். விரலில் குத்தும் பேனா போன்ற கருவி ஒருவருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே கருவியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவங்கள் அமெரிக்க முதியோர் இல்லங்களில் பதிவாகியிருக்கின்றன. ஊசியை மட்டும் மாற்றுகிறோம் என்ற பதில் போதாது.

சொறியும் இப்படி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதுதான். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கும் ஆயாவின் வீட்டுக்கும் போயிருக்கும். நெருங்கிப் பழகிய எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

தொற்று என்றால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் போகும். நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று உளறுகிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார் என்றால், "வயசாச்சு இல்லையா" என்ற சமாதானத்தை ஏற்காமல் டாக்டரை வரவழைக்கச் சொல்லுங்கள்.

ஏதாவது கேட்டால் அந்தக் கோபத்தை அம்மாவிடம் காட்டுவார்களோ என்ற பயம் பல பிள்ளைகளின் வாயைக் கட்டிவிடுகிறது. அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் வாய்ப்பேச்சோடு விடாமல் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் இல்லம் என்றால் நீங்கள் நுகர்வோர். கவனக்குறைவால் பாதிப்பு ஏற்பட்டிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இல்லத்துக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. மாதாமாதம் கட்டிய ரசீது, எழுதிக் கொடுத்த புகாரின் நகல், படுக்கைப்புண்ணைத் தேதியோடு எடுத்த படம், சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை இவைதான் அங்கே பேசும். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் மருத்துவப் பதிவேட்டை எழுத்தில் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.