பதினாறு வயதுக்குத் தபால் போகுமா?



ஆகஸ்டு 27 புனித மோனிக்காவின் திருநாள். மறுநாள் 28, அவருடைய மகன் புனித அகுஸ்தினாரின் திருநாள். அடுத்த வாரம் செப்டம்பர் 5, நம் திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்தநாள். நாடு முழுவதும் ஆசிரியர் தினம். பத்து நாள்களுக்குள் ஒரு தாயையும், ஒரு மகனையும், ஓர் ஆசிரியரையும் நினைத்துப் பார்க்கிறோம். ஆகவே, இளையோர் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்: "ஃபாதர், உங்கள் பதினாறு வயதுக்குத் திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், என்ன சொல்வீர்கள்?"

கேட்பதற்கு விளையாட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் இந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறோம். "அப்பவே யாராவது சொல்லியிருந்தா..." என்று பெருமூச்சு விடாத பெரியவர் யார்? அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ராபின் கோவால்ஸ்கி, முப்பது வயதைக் கடந்தவர்களிடம் இதையே கேட்டு, 2019இல் முடிவை வெளியிட்டார். உறவுகள், கல்வி, 'நீ நீயாக இரு' என்ற தன்மதிப்பு, இவற்றைச் சுற்றியே பெரும்பாலான பதில்கள் இருந்தன. திருத்தணி சந்தையில் நின்று கேட்டாலும் பதில்கள் இவற்றிலிருந்து அதிகம் விலகாது.

ஆனால் அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. நாம் சொன்னால் அந்தப் பதினாறு வயது கேட்குமா?

அகுஸ்தினாரைப் பாருங்கள். 354ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தவர். பதினாறு வயதில் அவர் படிப்பு நின்றது. மேற்படிப்புக்கு அனுப்ப வீட்டில் பணம் போதவில்லை. ஓராண்டு வேலையின்றி ஊரில் சுற்றினார். அந்த நாள்களில்தான் ஓர் இரவு நண்பர்களோடு சேர்ந்து அடுத்தவர் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசிக்காக அல்ல, அதைவிட நல்ல பழங்கள் அவர் வீட்டிலேயே இருந்தன. பறித்தவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குக் கொட்டினார்கள்.

நாற்பது வயதைக் கடந்து, ஆயரான பிறகு, 'அறிக்கைகள்' என்ற நூலில் அந்தப் பேரிக்காய்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். இத்தனை சிறிய குற்றத்துக்கு இத்தனை பக்கங்களா என்று கேட்கத் தோன்றும். அவர் அந்தப் பையனுக்குப் புத்தி சொல்ல உட்காரவில்லை, அவனைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தார். 'ஏன் செய்தேன்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு முடிவுக்கு வருகிறார். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார். கூட்டம் சேர்ந்ததால் செய்தார்.

2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் இதையே சோதித்துக் காட்டினார்கள். திரையில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக ஓட்டியபோது வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் அதிகம் வேறுபடவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது வளரிளம் பருவத்தினரின் துணிச்சல் பெருமளவு கூடியது. பெரியவர்களிடம் அப்படிக் கூடவில்லை. ஆகவே, "உனக்கு அறிவில்லையா?" என்று நம் பிள்ளையைத் திட்டுவதில் பயன் குறைவு. அறிவு இருக்கிறது. நால்வர் சேர்ந்து ஒரே பைக்கில் அரக்கோணம் சாலையில் பறக்கும்போது அந்த அறிவு பின்னால் தள்ளப்படுகிறது. பிள்ளையைக் கண்காணிப்பதைவிட, அவன் யாரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்வதும், அந்த நண்பர்களையும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துச் சோறு போடுவதும் அதிகப் பலன் தரும்.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சி. அகுஸ்தினார் இளைஞராகி மானிக்கேயர் என்ற குழுவில் சேர்ந்துவிட்டார். தாய் மோனிக்கா ஓர் ஆயரிடம் ஓடினார். "என் மகனிடம் பேசுங்கள், அவன் தவற்றை எடுத்துச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். மகன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, செபத்தை மட்டும் விடவேண்டாம், படித்துப் படித்து அவனே உண்மையைக் கண்டுகொள்வான் என்று சொல்லி அனுப்பினார். இதைச் சொன்ன ஆயர் யார்? சிறுவயதில் அதே மானிக்கேயர்களிடம் வளர்ந்தவர்; அவர்களுடைய நூல்களை ஏறக்குறைய எல்லாம் படித்துப் பார்த்துத் தாமாகவே வெளியே வந்தவர். அகுஸ்தினாருக்குப் புத்தி சொல்ல அவரைவிடத் தகுதியானவர் இருக்க முடியாது. தம் இளமையையே எதிரில் பார்ப்பதுபோல் இருந்திருக்கும். இருந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால், தாம் எப்படித் திருந்தினோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. எவரும் வாதாடி அவரைத் திருத்தவில்லை.

புத்தி சொல்லும்போது நாம் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறோம். நம்மைத் திருப்பியது யாரோ சொன்ன சொற்பொழிவா? யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியான நேரத்தில் கையில் வந்து சேர்ந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். அகுஸ்தினாருக்கு அது பண உதவி: அதே ஊர்ச் செல்வந்தர் ரோமானியானுஸ் அவர் படிப்புக்குக் கைகொடுத்தார், அவர் கார்த்தேஜ் நகரில் படிக்க முடிந்தது.

நம் ஊர்ப் பிள்ளைக்கு அது பழைய பாடப்புத்தகம். 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே, தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தார் இராதாகிருஷ்ணன். திருப்பதி, வாலாஜாபேட்டை என்று பள்ளிகள் மாறி, வேலூர் ஊரிசுக் கல்லூரி வழியாகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். படித்ததெல்லாம் உதவித்தொகையில். எந்தப் பாடம் எடுப்பது? பெரிய இலட்சியத்தோடு அவர் தத்துவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். வேறு புத்தகம் வாங்க வசதி இல்லை. பாடம் அப்படித்தான் முடிவானது. அந்தப் பாடத்தில்தான் அவர் 1909இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார், 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார், 1962இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இன்னொன்றையும் கிறிஸ்தவர்களாகிய நாம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். மிஷன் கல்வி நிறுவனங்களில் இந்து சமயத்தைக் குறைத்துப் பேசியது தம்மை உலுக்கியது என்றும், அதுவே தம் மரபை ஆழ்ந்து படிக்கத் தூண்டியது என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக அவர் எழுதிய ஆய்வுரை 1908இல், அவருக்கு இருபது வயதில், நூலாக வந்தது. அந்த ஆய்வுரையைப் பாராட்டியவர் யார் தெரியுமா? அதே கல்லூரியின் மிஷனரிப் பேராசிரியர் ஹாக். புண்படுத்திய பேச்சும் நம் பக்கத்திலிருந்து வந்தது, தட்டிக்கொடுத்த கையும் நம் பக்கத்திலிருந்து வந்தது. கோவில் மணியும் ஆலய மணியும் சேர்ந்து கேட்கும் இந்த ஊரில், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, ஃபாதர் என்ன சொல்வார்? பதினாறு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு இளங்குருமடத்துக்குள் நுழைந்த அந்தப் பையனிடம் நான் மூன்றே சொற்கள் சொல்வேன்.

முதலாவது: தம்பி, ஒரே நாளில் முழு வாழ்க்கையையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. நம் மலைமேல் முருகன் கோவிலுக்கு 365 படிகள், ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக. கீழே நின்று பார்த்தால் உச்சி தெரியாது. பத்தாம் வகுப்பு முடிவும், பிளஸ் ஒன் குரூப்பும், பிளஸ் டூ மார்க்கும் அப்படி ஒவ்வொரு படி. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் பழக்கத்தைத் தமிழகப் பள்ளிக் கல்வித்துறையே 2017இல் கைவிட்டது. தேர்வில் தவறினால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேர்ந்து, டிப்ளமோ முடித்து, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். பாடம் எப்படி அமைந்தது என்பதைவிட, அமைந்த பாடத்தை எப்படிப் படித்தோம் என்பதே இராதாகிருஷ்ணன் வாழ்வில் நாம் பார்ப்பது.

இரண்டாவது: பட்ட காயத்தைக் கேள்வியாக மாற்று. சாதியைச் சொல்லியோ, நிறத்தைச் சொல்லியோ, வீட்டில் பேசும் தெலுங்கைக் கேலி செய்தோ யாராவது சிரித்திருக்கலாம். அதை மனத்தில் போட்டு அழுகவிட்டால் அது உன்னையே தின்னும். 'அவர்கள் சொல்வது உண்மையா? எங்கள் கதை என்ன?' என்று தேடத் தொடங்கினால், அதே காயம் உன்னைப் படிக்க வைக்கும்.

மூன்றாவது: ஒரு பெரியவரைத் தேர்ந்துகொள். அப்பா அம்மாவாக இருக்கலாம். அத்தை, மாமா, ஆசிரியர், கன்னியர், பங்குத்தந்தை யாராகவும் இருக்கலாம். எதைச் சொன்னாலும் முதலில் கை ஓங்காத ஒருவர். வாழவே வேண்டாம் என்று தோன்றும் இரவில், விடியும்வரை காத்திருக்காமல் அவரை எழுப்பு. அப்படி ஒருவர் இல்லையென்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழை. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழகத்தின் 104 சுகாதார எண்ணும் உண்டு. இன்றைய அறிவிப்புகளில் எதை மறந்தாலும் இந்த இரண்டு எண்களை மறக்க வேண்டாம். இவற்றை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அன்பார்ந்தவர்களே, என் பதினாறு வயதுக்கு இந்த மூன்றையும் எழுதி அனுப்பலாம். ஆனால் அந்த முகவரிக்குத் தபால் போகாது. போகக்கூடிய முகவரிகள் நம் பங்கிலேயே இருக்கின்றன. ஞாயிறு திருப்பலியில் பின்வரிசைத் தூணோரம் நிற்கும் பையன்கள், மறைக்கல்வி முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைகள். ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் டாக்டராகவில்லை என்பதற்காக மகள் டாக்டராக வேண்டும் என்பது ஆலோசனை ஆகாது, அது நம் பழைய கடனை அவள் தலையில் எழுதுவது. அவள் பிறந்த காலம் வேறு, அவளுக்குக் கடவுள் கொடுத்த தாலந்தும் வேறு.

ஆகவே இந்த வாரம் புத்தி சொல்வதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு இப்ப எதுக்குப் பயம்?" கேட்டபின் பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் இருங்கள். பிறகு அந்த ஆயரைப் போலச் செபியுங்கள். அந்த உறவினரைப் போல ஏதாவது கையில் கொடுங்கள். படித்து முடித்த பிள்ளைகளின் பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரிப் புத்தகங்கள் பரணில் கிடந்தால் அன்பியப் பொறுப்பாளரிடம் சேருங்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்த மாணவிகளுக்குப் 'புதுமைப்பெண்', மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்கள் வழியாக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. விண்ணப்பிக்கத் தெரியாமல் தவிக்கும் குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், கல்லூரி அலுவலகம்வரை ஒருமுறை கூடப் போய் வாருங்கள்.

இராதாகிருஷ்ணனுக்குப் புத்தகம் கொடுத்த உறவினரின் பெயர் நம்மில் யாருக்கும் நினைவில் இல்லை. தாம் கொடுத்தது என்னவாகும் என்று அன்று அவருக்கும் தெரிந்திருக்காது. படித்து முடித்தார், தேவைப்பட்டவனுக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் நம்மிடமும் கேட்கப்படுகிறது.

இறைவன் நம் இளையோரையும், அவர்களுக்காகக் கண்ணீர் விடும் ஒவ்வொரு தாய் தந்தையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.