எலக்ட்ரான் கவர்தன்மை (அணுக்களும் அயனிகளும்)

எலக்ட்ரான் கவர்தன்மை அல்லது மின்னெதிர்த்தன்மை என்பது, ஒரு சேர்மத்தில் பிணைப்புற்றுள்ள அணு, பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன்னை நோக்கி ஈர்க்கும் திறன் ஆகும். 1932 இல் லைனசு பாலிங், பிணைப்பு ஆற்றல்களின் அடிப்படையில் இதற்கு ஓர் அளவுகோலை உருவாக்கினார். இதற்கு அலகு இல்லை. இன்றைய பாலிங் மதிப்புகளின்படி புளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, ஐதரசன் 2.20, சோடியம் 0.93 ஆகும்.

எலக்ட்ரான் நாட்டத்திலிருந்து வேறுபாடு

எலக்ட்ரான் நாட்டம் என்பது, வாயு நிலையிலுள்ள தனித்த அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஆகும். எலக்ட்ரான் கவர்தன்மையோ பிணைப்பில் உள்ள அணுவின் பண்பு. எலக்ட்ரான் நாட்டம் குளோரினுக்கே மிக அதிகம். ஆனால் எலக்ட்ரான் கவர்தன்மையில் புளூரினே முதலிடம் வகிக்கிறது.

மின்சுமையின் விளைவு

அட்டவணைகளில் ஒவ்வொரு தனிமத்திற்கும் ஒரே மதிப்பு தரப்படுவதால், அது மாறாத எண் என்று மாணவர்கள் கருதுவதுண்டு. உண்மையில் அது அணுவின் ஆக்சிஜனேற்ற நிலையைப் பொறுத்து மாறும். நேர்மின்சுமை கூடும்போது, எஞ்சிய எலக்ட்ரான்கள் மீதான அணுக்கருவின் ஈர்ப்பு வலுவடைகிறது; எனவே எலக்ட்ரான் கவர்தன்மையும் உயர்கிறது. எதிர்மின்சுமை கூடினால் அது குறைகிறது.

காரீயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. +2 நிலையில் அதன் மதிப்பு 1.87, +4 நிலையில் 2.33. ஆகவே குளோரினுடனான வேறுபாடு 1.29 இலிருந்து 0.83 ஆகக் குறைகிறது. காரீய டைகுளோரைடு ஏறத்தாழ 500 °செ வெப்பநிலையில் உருகும் அயனித்தன்மை மிக்க திண்மம். காரீய டெட்ராகுளோரைடோ அறை வெப்பநிலையில் மஞ்சள் நிற நீர்மம். அதன் பிணைப்புகள் சகப்பிணைப்புத் தன்மை கொண்டவை. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மமே உருவாகும் என்னும் எளிய விதி இங்குப் பொருந்துவதில்லை.

குரோமியத்தின் ஆக்சைடுகளிலும் இதைக் காணலாம். +2 நிலை ஆக்சைடு காரத்தன்மையும், +3 நிலை ஆக்சைடு ஈரியல்பும், +6 நிலை ஆக்சைடு அமிலத்தன்மையும் உடையன.

கவனிக்க வேண்டியது

ஆக்சிஜனேற்ற நிலை என்பது ஒரு கணக்கீட்டு எண். அணுவின் மீதுள்ள உண்மையான மின்சுமை பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே ஒரு பிணைப்பின் தன்மையைக் கணிக்கும்போது, தனிமத்தின் பெயரை மட்டுமன்றி, அச்சேர்மத்தில் அதன் நிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும்.